மாதிரி எண் 2217

பன்சாலி அனுப்பிய பெட்டியில்
ஆறு கண்ணாடி பாட்டில்கள்.
சௌகார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கம்வரை
ஆட்டோவில் மடியில் வைத்தே கொண்டுவந்த பையன் சொன்னான்:
"ஒண்ணு உடைஞ்சா என் ரெண்டு நாள் சம்பளம், மேடம்."

லேபிளில் மலை.
மலைக்குக் கீழே பொடி எழுத்தில் வரலாறு:
வயிற்றுக்குள் கல்லோடு வாழ்ந்த மணி வார்ப்பவன் ஒருவன்
நாற்பது நாள் இந்த ஊற்றில் குடித்தானாம்.
கல் கரைந்ததாம்.
பிறகு சத்திரம் வந்தது, வைத்தியர் வந்தார்,
சீமாட்டிகள் குடை பிடித்து வந்தார்கள்,
கடைசியில் மூடி திருகும் இயந்திரம் வந்தது.
மணிக்காரன் பெயரை மட்டும் காணோம்.
நம் தலபுராணத்திலும் அப்படித்தான்,
குஷ்டம் தீர்ந்த ராஜாவுக்குப் பெயர் உண்டு,
குளம் வெட்டியவனுக்குக் கிடையாது.

என் வேலை குணம் பார்ப்பது.
நிறம் இல்லை. மணம் இல்லை.
சுவைக் கட்டத்தில் "ஏற்கத்தக்கது" என்பதற்கு மேல்
ஒரு சொல்லுக்கு இடமில்லை.

அடுத்து கடினத்தன்மை.
பியூரெட்டைத் திருகி
சொட்டுச் சொட்டாக விடுகிறேன்.
குடுவையில் திராட்சைச் சிவப்பு
பிடிவாதமாய் அசையாமல் நிற்கிறது, நிற்கிறது,
இருபத்தொன்பதாவது மில்லியில்
சட்டென்று நீலம்.
லிட்டருக்கு இருநூற்றுத் தொண்ணூறு.
நம்பாமல் மறுபடி செய்தேன். அதே நீலம்.

அயனாவரத்தில் எங்கள் தெரு அடிபம்பும்
ஏறக்குறைய இதே எண்தான்.
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
குக்கர் அடியில் வெள்ளை படியும்,
மாடிவீட்டு ஜெபக்கனிக்கு முடி கொட்டுவதும்
அதனால்தான் என்று தெருவே பேசும்.
ஆல்ப்ஸில் அதற்குப் பெயர் கால்சியம்.
(எங்கள் பம்பில் உப்பும் உண்டு, கிருமியும் உண்டு.
இந்தப் பாட்டிலில் இல்லை.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.)

பொடி எழுத்தின் கடைசி வரி:
பனியாய் விழுந்து ஊற்றாய் வெளிவர
பத்து வருடம் ஆகிறதாம்,
பாறைக்குள் நடந்து நடந்து.
பின்னோக்கி எண்ணினேன்.
பேனா நின்றது.

அந்த டிசம்பர்.
அப்போது ஜாபர்கான்பேட்டையில் இருந்தோம்.
அடையாறு படியேறி வீட்டுக்குள் வந்தது.
சிலிண்டர் மிதந்தது, என் எம்.எஸ்ஸி. சான்றிதழ் மிதந்தது,
கீழ்வீட்டு அல்போன்ஸ் இரண்டு இரவு மொட்டைமாடியில்
ஒரு கூடைக் கோழிகளோடு மழைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான்.
அதே குளிர்காலத்தில் எங்கோ ஓர் உச்சியில்
இந்தத் தண்ணீர்
சத்தமே இல்லாமல் விழுந்திருக்கிறது.
நம்முடையது நாலே நாளில் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.
இது நடக்க ஆரம்பித்தது.

நாலு வருடம் கழித்து, ஏரிகள் வெடித்துக் கிடந்த கோடையில்
மூன்று பச்சைக் குடம், ஒரு ஆரஞ்சு,
கையில் டோக்கன் அறுபத்து மூன்று என்று
விடியாத தெருவில் லாரிக்கு நின்றேனே,
அப்போது இது
ஏதோ விரிசலில், இருட்டில்,
சுண்ணாம்பை நக்கிக்கொண்டு
மெல்ல இறங்கிக்கொண்டிருந்திருக்கும்.
அதற்கு யாரும் டோக்கன் கொடுக்கவில்லை.

அறிக்கையில் வயதுக்குக் கட்டம் கிடையாது.
கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தேன்.
பன்சாலி போனில் கேட்டார்:
"நல்ல தண்ணிதானே?"
"பாதி எங்க தெருத் தண்ணி மாதிரி, சார்."
ரொம்ப நேரம் சிரித்தார்.

மிச்ச மாதிரியைக் கொட்டிவிட வேண்டும், விதி.
குடிக்கக் கூடாது, அதுவும் விதி.
ஒரு மிடறு போக மீதியைத்
தொட்டியில் சாய்த்தேன்.
வில்லிவாக்கத்துச் சாக்கடை, ஓட்டேரி நல்லா,
பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல்.
பத்து வருடம் நடந்தது
குழாய்க்குள் ஓடும் சத்தம் கேட்டது,
பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி.