இழுக்கிற சத்தம்

பெட்ரோல் எஞ்சினில் ஒரு டிக் இருந்தது.
குளிரில் ஸ்டார்ட் செய்ததும் வரும்,
சூடேறியதும் போய்விடும்.
"எல்லா வண்டியிலும் இருப்பதுதான் மேடம்" என்றான்
விற்பனைக்கார ப்ரெண்ட்ஸன்
பானெட்டை அறைந்து மூடியபடி.
மூடிய பிறகும் எனக்குக் கேட்டது.
லேலண்டுக்கு, மூடுவதற்கு முன்பும் கேட்கவில்லை.

முப்பத்தோரு வருஷம் சர்க்கரை ஆலையில்
பீட் கிழங்கு சீவும் எந்திரத்தை ஒட்டி நின்றவர்.
கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போயின:
மைக்ரோவேவ் மணி,
வேலிக்கம்பத்து மெடோலார்க் குருவி,
அப்புறம் என் குரலின் மேல்பாதி.
இப்போது உப்பு கேட்டால்கூட
ஊருக்கு அறிவிப்பது போலத்தான் கேட்கிறேன்.

ஆகவே, வண்டிக்குள்ளாவது
தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்றேன்.
டீசல் வேண்டாம்.
அந்தக் கடகடப்பு,
தகரப் பெட்டியில் கூழாங்கல் உருட்டுகிற விடிகாலைகள்,
எதிர்வீட்டு மார்வெல்லாவின் ஜன்னல் விளக்கு.
அதோடு விலை: எட்டாயிரம் டாலர் கூட.

இழுக்க வேண்டியது பத்தாயிரம் பவுண்டு.
ட்ரெய்லர், தண்ணீர்ப் பீப்பாய், உலர்புல், சேணங்கள்,
ஜூனிபர், டச்சஸ்.
இரண்டும் பெர்ஷெரான் குதிரைகள்,
கண்காட்சி மைதானங்களில்
கான்கிரீட் கட்டை இழுத்துப் பரிசு வாங்குபவை.
இழுக்கிறதுகளை
இழுத்துக்கொண்டு போக ஒரு வண்டி.
லேலண்ட் இதைச் சொல்லி மூன்று முறை சிரித்துவிட்டார்,
மூன்று முறையும் புதிதாகச் சொல்வதாக நினைத்து.

முதலில் பெட்ரோல்.
எங்கள் ட்ரெய்லரை, எங்கள் குதிரைகளோடு மாட்டி
கெட்டில் மேட்டில் ஏற்றினோம்.
பாதி மேட்டில் எஞ்சின் வீறிட்டது,
பூட்டிய அறைக்குள் மாட்டிய பூனை மாதிரி.
என் பற்கள் கூசின.
லேலண்ட் நிம்மதியாகக் கேட்டார்:
"ஏறுகிறதா?"
கேட்டுவிட்டுக் குனிந்து
டயலில் முள்ளைப் பார்த்தார்.
சாலையைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார்.
முள்ளை.
வெள்ளைக் கோடு எங்களுக்கு அடியில் நழுவுவதை
நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டீசல்.
ப்ரெண்ட்ஸன் சாவியைத் திருப்பினான்.
கோப்பையில் இருந்த காபி வளையம் வளையமாக நடுங்கியது.
நான் முகம் சுளித்தேன்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே,
சங்கு இத்தனை பெரிதாக இருந்தால்
காது எதற்கு?
ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்தவர்
அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார்,
குதிரையின் விலாவில் வைப்பது போல.

மேட்டில் கியர் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால்
"இப்போ" என்றார்.
மாறியது.
"இப்போ."
மாறியது.
கண்கள் சாலையை விட்டு அசையவில்லை.
இருக்கை வழியாக, முழங்கால் வழியாக,
மார்பெலும்பு வழியாக
என்னவோ அவருக்கு வந்துகொண்டிருந்தது.
உச்சியில் திரும்பிப் பார்த்து
"நல்லா கேக்குது" என்றார்,
இயல்பான குரலில்,
கத்தாமல்.

வீட்டில் அவர் அப்படிப் பேசி
எத்தனை வருஷம் என்று எண்ணப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போட்டது நான்தான்.
எழுபத்திரண்டு தவணை.
மார்வெல்லாவுக்கு ஒரு ஜாடி பீச் ஜாம் கொடுத்து
ஜனவரியைப் பற்றி முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.
அவள் ஜாமை வாங்கிக்கொண்டாள்,
மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று கராஜ் அலமாரியில்
ஆலைக்காரர்கள் கொடுத்த பெட்டி கிடைத்தது.
மஞ்சள் நுரைக் காதடைப்பான்கள்,
இருநூறு ஜோடி, சீல்கூட உடைக்காதது.
முப்பத்தோரு வருஷத்தில்
ஒரு ஜோடி போட்டிருக்கலாம் மனுஷன்.
டாஷ்போர்டு அறையில் வைத்தேன்.
எனக்கு.