மூன்றாவது வாரக் குறிப்பு

பச்சைப் புள்ளி எரிகிறது.
நீலகண்ட ஹெக்டே இருக்கிறான்.
அல்லது மவுஸை ஆட்டிக்கொண்டு
ஏதோ ஒன்று இருக்கிறது.

அவன் யெலஹங்காவில், நான் பெல்லந்தூரில்.
ஒரே ஊர்தான்.
அமெரிக்கக் கிளையண்டை இரண்டு தடவை நேரில் பார்த்துவிட்டேன்,
இவனை ஒரு தடவையும் இல்லை.
முகம் என்று எனக்குத் தெரிந்தது
சாம்பல் வட்டத்துக்குள் இரண்டு எழுத்து.

மூன்று வாரமாக எழுதிவைக்கிறேன்:
டிக்கெட் பதினொன்று, முடிந்தது நான்கு.
செவ்வாய் கேட்டதற்கு வியாழன் பதில்.
'பார்க்கிறேன்' என்று ஒன்பது தடவை.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று
அதை எண்ணும்போதுதான் உறைத்தது.

போன தீபாவளி இரவு இரண்டு மணிக்கு
விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்தியவன் இவன்தான்.
பாராட்டு மெயில் எழுதியவள் நான்தான்,
அவன் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

எச்.ஆர். படிவத்தில்
'காரணம்' என்று ஒரு கட்டம்.
அதில் வைக்க ஒரு துக்கம் தேடினேன்.
அப்பாவுக்கு டயாலிசிஸா,
வீட்டில் சண்டையா,
இன்னொரு கம்பெனிக்கும் சேர்த்து உழைக்கிறானா?
குக்கர் விசில், குழந்தை அழுகை
ஏதாவது கேட்குமா என்று
அவன் மைக்கில் காதை வைத்தேன்.
மின்விசிறி மட்டும் சுற்றியது.

இன்று என் அரைகுறைக் கன்னடத்தில்
நேராகவே கேட்டுவிட்டேன்.
சொல்லுங்க, என்னால் ஆனதைச் செய்றேன்.
மன்னிப்பதற்குத் தோதாக
குரலைக்கூட இறக்கி வைத்திருந்தேன்.

ஒண்ணுமில்ல மேடம், என்றான்.
வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க.
நானும் தூங்குறேன், சாப்பிடுறேன்.
லேப்டாப்பைத் திறக்குறேன்,
கை போக மாட்டேங்குது.
அவ்வளவுதான்.

அந்நேரம் அவன் பக்கம் இடி இடித்தது.
இங்கே வெயில், ரிங் ரோட்டில் தூசி.
மாடியில் துணி காய்வது ஞாபகம் வந்தது.

'ஆர்வக் குறைவு' என்று அடித்தேன். அழித்தேன்.
'தெரியவில்லை' என்றால்
படிவம் ஏற்கவில்லை,
குறைந்தது ஐம்பது எழுத்து வேண்டுமாம்.

முக்கால் மணி நேரம் கழித்து
அவனுடைய மழை இங்கே வந்தது.
எழுந்திருக்கவில்லை.
கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருக்க,
மேலே துணி நனைந்துகொண்டிருக்க,
என் புள்ளி மஞ்சளாவதற்குள்
மவுஸை
ஒரு தடவை ஆட்டிவைத்தேன்.