வலப்பக்கப் பை

ஜெனோவாவில் மழை பெய்தால்
லாஸரோ கத்தோர்னோ பேருந்தில் வருவார்.
பெய்யாவிட்டால் நடை.
துறைமுகத்தில் அவருக்குக் கப்பல்கள் ஏழு.

எங்கள் தையல்கடையில் கணக்கெழுதுகிறவள் நான்.
அவர் பெயருக்கான பக்கங்களில்
நாற்பத்தோரு வருஷத்தில்
'புதிது' என்ற சொல் மூன்றே முறை.
மற்றதெல்லாம்
இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் விட்டது,
இடுப்பு ஐந்து பிடித்தது (ஆபரேஷனுக்குப் பின்),
உள்துணி மாற்றியது,
முழங்கையில் இழையோட்டியது,
கொம்புப் பொத்தான் ஒன்று, அவரே கொண்டுவந்தது.

எச்சில் கையால் கடற்காகம் ஓட்டாதவர்.
கிறிஸ்துமஸுக்கு ஒன்பது பேருக்கு ஒரே கேக் தந்தார்,
தேதி முடிந்தது.
நீவெஸ் அதைப் பாலில் நனைத்துத் தின்றாள்.

முதல் கோட்டுக்கு அளவெடுத்த அன்றே சொன்னாராம்:
"தையலுக்குள் இரண்டு விரல் துணி விடு தெல்மோ.
நான் எப்படி ஆவேனென்று
எனக்குத் தெரியாது."

இந்த நவம்பரில் அந்த ஓவர்கோட்டோடு வந்தார்.
தோள் வெளுத்து,
காலர் ஓரம் எலி கொறித்ததுபோல்.
"திருப்பித் தைக்கணும்.
உள்பக்கம் வெளியே வரட்டும்."

முழுக் கோட்டையும் பிரித்துக் கோக்கிற வேலை.
புதிதுக்கு ஆவதைவிட
நூறு யூரோ கூடுதலாகச் சொன்னார் தெல்மோ.
பேரத்துக்காக
பேனாவை மூடாமல் காத்திருந்தேன்.
"சரி" என்றார்.
வெட்டி விழும் துண்டுகள் மட்டும் வேண்டுமாம்.
காகிதப் பை மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

நீவெஸ் பதினோரு நாள் பிரித்தாள்.
சாம்பல் என்றே புத்தகத்தில் எழுதியிருந்தோம்.
வெயிலே காணாத உள்முகம்
கரும்பச்சை.
எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.
பொத்தான் துளைகளை
நூல் நூலாக அடைத்து எதிர்ப்பக்கம் வெட்டினார் தெல்மோ.
மார்புப் பையை மட்டும் நகர்த்த வழியில்லை.
இடதில் இருந்தது வலதுக்குப் போய்விட்டது.
திருப்பிய கோட்டை
ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அந்தப் பைதான்.
"இருக்கட்டும்" என்றார் கத்தோர்னோ,
பேருந்துச் சீட்டை அதில் செருகியபடி.
நீவெஸுக்கு நன்றி சொன்னாரா,
ஞாபகமில்லை.

அடுத்த முறைக்காக உட்கார்ந்திருந்தான்
மிலானிலிருந்து வந்த ட்ரெவெசான்,
போன வருஷம் கம்பெனியை விற்றவன்.
கண்ணாடியில் அந்தப் பையைப் பார்த்துவிட்டான்.
கதவு சாத்தும்வரை பொறுத்து,
"எனக்கும் அதேபோல்" என்றான்,
"பை வலப்பக்கம்.
யார் கண்டுபிடித்தது?"

நீவெஸ் ஊசிப்பெட்டியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.
நான் எழுதினேன்: புதிது. பை, வலம்.
"விலை?" என்று கண்ணால் கேட்டேன்.
"திருப்பியதற்கு என்னவோ அதுதான்"
என்றார் தெல்மோ, சிரிக்காமல்.

பிறகு சாக்கட்டியை எடுத்தார்.
"தையலுக்குள் எவ்வளவு துணி விடட்டும்?"
"எதற்கு?" என்றான் ட்ரெவெசான்.
முப்பத்துநாலு வயது,
தட்டையான வயிறு.

தெல்மோ பதில் சொல்லவில்லை.
துணி விளிம்பில் இரண்டு விரல் வைத்தார்,
கோடு போட்டார்.