முன்னுக்குப் பின்

தால்காவானோ துறைமுகத்தின் முதுகுப்புறம்,
மீன்மாவு ஆலையின் வீச்சம் சுவரேறிக் குதிக்கும் கூடத்தில்
படகின் அடிவயிற்றுக்குப் பெயிண்ட் கலக்குகிறார்கள்.
கொட்டலசு ஒட்டக்கூடாது, அவ்வளவுதான் கோரிக்கை.
சைலீன், பைன் பிசின், களிமண், செம்புத்தூள்,
கட்டி பிடிக்காமல் காக்கும் மஞ்சள் திரவம்.
அளவு மாறாது. சூடு மாறாது.
மாறுவதெல்லாம்
எது முதலில், எது அதன் தலையில் என்பது.

ஐந்தை வரிசையில் நிறுத்த
நூற்றிருபது வழி.
ஹசின்தா ரிகெல்மேயின் கையில்
இருபத்து நான்கு வாளி,
ஒரே கலக்கி,
ஜூலை மாதக் குளிரில் மூன்று வாரம்.

எந்த இருபத்து நான்கு?
கண்ணை மூடிக்கொண்டு அள்ளினால்
செம்பு வரும்போதெல்லாம் பிசின் பின்னாலேயே வரலாம்.
பிறகு திரிந்ததற்கு யாரைக் கேட்பது?
அவள் கேட்டது ஓரவஞ்சனை இல்லாத பந்தி.
எந்த இரண்டை எடுத்தாலும்
பன்னிரண்டு முறை இது முந்தும், பன்னிரண்டு முறை அது.
எந்த மூன்றை எடுத்தாலும்
ஆறு வரிசையும் நான்கு நான்கு தடவை.
கணினி இரவெல்லாம் இடம் மாற்றி இடம் மாற்றி
விடியும்போது ஒரு பட்டியலைத் துப்பியது.

அதில் சில வரிகள் சுத்தப் பைத்தியம்.
பதினேழாவதைப் பாருங்கள்:
காய்ந்த வாளியில் களிமண்,
அதன்மேல் செம்பு, பிசின், மஞ்சள் திரவம்,
எல்லாம் முடிந்தபின் சைலீன்.
கலக்கியை ஓட்டும் எல்வியோ கார்காமோ சிரித்துவிட்டான்.
"இது கல்லாகும்."
"ஆகட்டும். எவ்வளவு கல் என்று எழுது."

போன வருடம் உடைந்த அலகின் விலை
அவன் சம்பளத்தில்தான் பிடித்தார்கள்.
அது அவளுக்குத் தெரியாது.

புதன்கிழமை வந்து சொன்னான்:
"பதினேழு நன்றாக வந்திருக்கிறது."
அவள் கணக்கு தலைகீழானது.
களிமண் முந்தினால் கெடும் என்பது பொய்யா?
மேலாளருக்குச் சொன்னாள். வரைபடத்தைத் திருத்தினாள்.
வெள்ளிக்கிழமை, காபி இயந்திரத்தருகில்,
குவளையைப் பார்த்தபடி அவன் சொன்னான்:
"சைலீனை முதலிலேயே ஊற்றிவிட்டேன்."

இரண்டே வாக்கியம்.
மாற்றிச் சொல்லியிருந்தால்
ஒரு வாளி நட்டம், அரைமணி நேரக் கோபம்.
சொன்ன வரிசையில்
இரண்டு இரவு,
மேலாளர் முன்னே ஒரு தலைகுனிவு.

அவள் கத்தவில்லை. பேனாவை எடுத்தாள்.
சைலீன் முந்தியது பதிமூன்று,
மற்ற நான்கும் அதை முந்தியது பதினொன்று பதினொன்று.
தட்டு இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.
"அலகு உடைந்தால் என் கணக்கு" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.
மறுபடி கலக்கினார்கள்.

குறிப்பேட்டில் இருப்பது இது:
வாளி பதினேழு. கல். உளி தேவைப்பட்டது.
அலகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கல் இல்லாமல்
நல்ல வாளிகள் ஏன் நல்லவை என்று
எவருக்கும் தெரிந்திருக்காது.
கணக்கு கடைசியில் சுட்டிக்காட்டிய வரிசையோ
இருபத்து நான்கில் இல்லவே இல்லை.
யாரும் ஊற்றாத வாளி.
ஊற்றினார்கள்.
தயிர்போல் வழுவழுவென்று சுழன்றது.
பூசிய பலகைகள் கடலுக்குள் போய்விட்டன,
கொட்டலசுகள் தீர்ப்புச் சொல்ல ஆறு மாதம்.

இன்று காலை மேலாளர் இரண்டு தாள் தந்தார்.
ஒன்றில், அறிக்கையின் முதல் பக்கத்தில்,
எல்வியோவின் பெயர், அவள் பெயருக்குப் பக்கத்தில்.
இன்னொன்றில்
ஆகஸ்ட்டோடு அவன் ஒப்பந்தம் முடிகிறது.

படிகளில் நிற்கிறாள்.
இரண்டு பொருள், இரண்டே வரிசை.
பாவம், வாளி ஒன்றுதான்.
கழுவிவிட்டு மறுபடி ஊற்ற முடியாத வாளி.

கீழே அவன் அலகைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.
வெளியே கடல்சிங்கம் ஒன்று எதற்கோ அலறுகிறது.
"எல்வியோ" என்கிறாள்,
இன்னும் முடிவு செய்யாமலே.