வசனம் எடுத்துக் கொடுப்பவன்

பகலில் நான் நீதிமன்றத் தட்டெழுத்தாளன்.
உட்துறைமுக வீதியில், உப்புக் காற்று
கோப்புகளின் ஓரங்களைச் சுருட்டும் அறையில்
ஒரு சொல்லைத்தான் அதிகம் அடித்திருக்கிறேன்:
தவணை.
'த' தேய்ந்து
இப்போது பாதிதான் பதிகிறது.

இரவில், மனையாவெளி மண்டபத்தில்,
பக்கத் திரைக்குப் பின்னால் முக்காலி போட்டு
மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பேன்.

பழைய நாடகம். எழுதியவர் பெயரை
முதல் தாளோடு கறையான் தின்றுவிட்டது.
தம்பியைப் பறிகொடுத்தவள் சபைக்குப் போவாள்,
அரசன் வேட்டைக்குப் போயிருப்பான்.
மறுபடி போவாள், சாட்சி ஊமையாகியிருப்பான்.
பிறகு வாளோடு போவாள்.
அரசன் சாவான். அவள் வாளைத் துடைக்கையில்
அவன் பிள்ளை தொட்டிலில் அழும்.
அந்த அழுகையில் திரை விழவேண்டும்.

அக்காவாக நடித்தவள் சுகிர்தமலர்.
பாலையூற்றுக்காரி. ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுபவள்.
அவள் தம்பியின் கோப்பு
என் இரும்பு அலுமாரியில், இடமிருந்து நாலாவது.
பதினேழு வருடம். நாற்பத்தொரு தவணை.
ஒத்திகையில் நாங்கள் அதைப் பேசியதே இல்லை.
தேத்தண்ணி ஊற்றினால்
"சீனி கூடிப்போச்சு" என்பாள், அவ்வளவுதான்.

அரசன் வேடம் கனகசூரியத்துக்கு.
இரும்புக் கடை முதலாளி, நல்ல மனுசன்.
வெட்டு விழுந்தால் எப்படிச் சரிவதென்று
சீமெந்து மூட்டைகளில் விழுந்து பழகியவர்.

கடைசி இரவு, கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
பின்கதவால் நுழைந்து அரசனின் மாலையைப்
பாதி மென்றுவிட்டது. மிச்சத்தைப் போட்டுக்கொண்டு
அவர் சிம்மாசனம் ஏறினார்.

வாள் உயர்ந்தது.
வெள்ளித்தாள் சுற்றிய பலகைதான்,
விளக்கு அதைக் கூராக்கியிருந்தது.
அவள் அசையவில்லை.

மறந்துவிட்டாளாக்கும் என்று
தாளில் விரல் வைத்துச் சொன்னேன்:
"இது என் தம்பிக்கு."
அசையவில்லை.
வாசிக்கக்கூடாத, அடைப்புக்குறிக்குள் கிடந்த
அந்தச் சொல்லையும் வாசித்தேன்:
"வெட்டு."

அவள் கேட்டாள், ஒத்திகையில் இல்லாத குரலில்:
"எங்க வச்சிருக்கிறாய்?"

கனகசூரியம் என்னைப் பார்த்தார்.
நான் தாளைப் பார்த்தேன்.
அந்த இடத்தில் அரசனுக்கு
"ஆ" என்ற ஓரெழுத்துத்தான் இருந்தது.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
நடுவில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, இன்னொன்று.
பின்வரிசைப் பெண்கள் எழும்பி நின்றார்கள்,
பஸ் வந்துவிட்டதைப் போல,
கைப்பைகளை நெஞ்சோடு பிடித்தபடி.

கனகசூரியத்தின் மீசை ஒரு பக்கம் கழன்றது.
"எனக்குத் தெரியாது, பிள்ளை" என்றார்.
அரசன் யாரையும் பிள்ளை என்பவனல்ல.
தொட்டிலுக்காக அழவேண்டிய பையன்
என் பக்கத்தில் வாய்பிளந்து நின்றான்.
யாரோ திரையை இழுத்தார்கள்.

திங்கட்கிழமை அவள் வழக்குக்கு வந்தாள்.
நீதவான் விடுமுறை.
பாதித் 'த' போட்டு, ஓகஸ்ட் பத்தொன்பது என்று
அடித்துக் கொடுத்தேன்.
கையெழுத்து வைத்து, பேனையை மூடி,
திருப்பித் தரும்போது கேட்டாள்:
"அண்டைக்கு அந்தக் கடைசிச் சொல்லை
ஏன் அவ்வளவு மெல்லச் சொன்னனீங்கள்?"