நடு அழுத்தம்

அல் கைல் தொழிற்பேட்டையில் இரவு பதினொன்று.
வெளியே இன்னும் முப்பத்தெட்டு டிகிரி.
ராஸ் அல் கைமாவின் மலைகள்
பகலில் வாங்கிய சூட்டைத்
திருப்பிக் கொடுக்கும் நேரம்.
உள்ளே, கம்பி வலைக்குள்,
நானும் ஆறு மூட்டுள்ள ஒரு கையும்.

புது மாடல் வாஷ்பேசின்.
இன்னும் சுடாதது. தொட்டால் விரலில் மாவாக வரும்.
ஆந்திரத்துக் கல், எங்கோ ஐரோப்பியக் களிமண்,
இந்த ஊர்க் கடலில் உப்பெடுத்த தண்ணீர்.
லேபர் கேம்ப்பின் ஓர் அறையைப் போலக்
கலந்து, அச்சில் இறுகி, வெளுத்திருக்கிறது.

இதன் மேல் கண்ணாடிப் பூச்சு,
முக்கால் மில்லிமீட்டர், எல்லா இடத்திலும்.
கூடினால் வழியும். குறைந்தால் ஊசித்துளை.
புள்ளி புள்ளியாகக் கைக்குச் சொல்கிறேன்:
இங்கே வா, இப்படித் திரும்பு, இத்தனை வேகம்.
(கோலம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
கோலம் தரையோடு போகும்.
இது உள்வளைவில் ஏற வேண்டும்.)

வலைக்கு வெளியே ஸ்டூலில் ஹிக்மத் தாப்பா.
வயது இருபத்தேழு. ஐந்து வருடம்
துப்பாக்கி பிடித்துப் பூச்சடித்தவன்.
வருத்தமா என்று முதல் நாள் கேட்டேன்,
என் அரைகுறை இந்தியில்.
முகமூடியைக் கழற்றி நீட்டினான்:
"தீதி, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."
இப்போது மூன்று ரோபோவுக்கு அவன் பொறுப்பு.
மூன்றையும் மருமகனே என்றுதான் கூப்பிடுகிறான்,
நேப்பாளியில், சலிப்போடு.

என் இடக்கையில் பெண்டன்ட்.
அதன் முதுகில் ஒரு பொத்தான்.
விட்டால் எல்லாம் நின்றுவிடும்.
முழுக்க அழுத்தினாலும் நின்றுவிடும்.
நடுவில்,
முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்தால் மட்டும்
நகரும்.
மூன்று மணி நேரமாக அந்தப் பிடியில் இருக்கிறேன்.
மாதக் கடைசியில் அண்ணன் கூப்பிட்டு
நிலத்தைப் பற்றி இழுக்கும்போதும்
ஏறக்குறைய இதே பிடிதான்.

நாற்பத்தாறிலிருந்து நாற்பத்தேழு.
நடுவே நேர்கோடு, ஒரு சாண்கூட இல்லை.
ஆனால் அந்தக் கோட்டில் ஓரிடம்,
நான்காம் மூட்டும் ஆறாம் மூட்டும்
ஒரே அச்சில் வந்து நிற்கும்.
திரும்ப வேண்டியது யார் என்று
இரண்டுக்கும் தெரியாது.
காகிதத்தில் படித்திருக்கிறேன்: வேகம் முடிவிலி.

குனிந்து விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மணிக்கட்டு உதறியது.
ஹோஸ் சாட்டையாகத் துள்ள,
துப்பாக்கி முனை பேசினைக் கிழித்துக்கொண்டு
என் காதுக்கு நேராக.

நான் எதுவும் செய்யவில்லை.
கற்ற எதுவும் நினைவுக்கு வரவில்லை.
பயந்தேன். விரல்கள் இறுகின.
நின்றுவிட்டது,
காதுக்கு இரண்டு விரற்கடை தள்ளி.

யாரோ, எந்த நாட்டிலோ,
மேஜை முன்னால் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்:
பயந்தவள் கையை விடமாட்டாள், இறுக்குவாள்,
அதையும் ஒரு கட்டளையாக எழுதிவைப்போம் என்று.
என்னைப் பார்க்காமலே
என் பயத்துக்கு இடம் ஒதுக்கியவர்.
கையேட்டில் அவர் பெயர் இல்லை.
தேடிப் பார்த்தேன், பிறகு, நடுக்கம் நின்றதும்.

ஹிக்மத் கரக் டீயோடு வந்தான்.
கிழிந்த பேசினைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"சுடாததுதானே," என்றான்.
துண்டுகளை அள்ளிக் குழம்புத் தொட்டியில் போட்டான்.
காலையில் அது மறுபடி அச்சுக்குப் போகும்.

நாற்பத்தாறுக்கும் நாற்பத்தேழுக்கும் இடையே
ஒரு புள்ளி கூட்டினேன்.
முழங்கையை வெளியே தள்ளிச் சுற்றிப் போகும் வழி.
பத்து சதவீத வேகத்தில் மூன்று முறை,
தள்ளி நின்று பார்த்தேன்.
போனது.

இரண்டு மணி பஸ்ஸில்
இடக்கை விரியவில்லை.
எதையோ பிடித்தபடியே மடியில் கிடந்தது.
வலக்கையால் ஜினேஷ் சாருக்கு ரிப்போர்ட் அடித்தேன்:
பேசின் ஒன்றுக்குக் கால் நொடி கூடும்.
காரணம் என்ற கட்டத்தில்
நிறைய எழுதி, அழித்து,
‘மணிக்கட்டு’ என்று மட்டும்.