அரைப்புள்ளி

கேட்டுக்கு வாங்கிய மயில்நீலம்.
முதல் கோட் அடித்த வாரத்தில் அவர் போனார்.
ஏணிக்கடியில் ஒன்றரை வருஷம்
டப்பா கிடந்தது.
இன்று ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பினால்
மேலே பாலாடை மாதிரி ஒரு தோல்;
கிழித்தால் அடியில் நிறம் அப்படியே இருக்கிறது,
யாரும் அதற்கு எதுவும் சொல்லாதது போல.

டீப்பாயை நடு ஹாலுக்கு இழுத்தேன்.
பங்கு பிரித்தபோது யாரும் கேட்காதது.
ஒரு கால் குட்டை. இத்தனை நாளும்
மடித்த பஸ் டிக்கெட்டில் நேராக நின்றது.
உப்புத்தாளால் தேய்த்தேன்.
பழுப்புக்கடியில் பச்சை, பச்சைக்கடியில்
யாரோ பென்சிலால் போட்ட ஒரு கூட்டல்.
விடை தப்பு.
அதையும் தேய்த்தேன்.

டீ செட் வேறு கதை.
தேவகோட்டை நகைக்கடைக் குலுக்கலில் மூன்றாம் பரிசு,
ஆஸ்பத்திரி வெள்ளை,
ஆறு கோப்பை, ஐந்து சாஸர்.
அவர் அதில் ஒருநாளும் குடித்ததில்லை,
டம்ளர்தான் வேண்டும் அவருக்கு.
அதனால் அதன்மேல் கைவைக்க
எனக்குத் தடையொன்றும் இல்லை.

பீங்கானுக்குத் தனிப் பெயின்ட்.
காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடைப் பையன்
"அவன்ல வச்சு அரைமணி சூடுகாட்டுங்க ஆச்சி,
பூப் போடுங்க, மாடல் தாரேன்" என்றான்.
பூ எனக்கு வராது.
தண்டு வந்தால் இதழ் வராது.
புள்ளி வரும்.

காது குடையும் பஞ்சுக்குச்சி போதும்.
ஒற்றி எடுத்தால் ஒன்று.
அழுத்தினால் பருக்கும்,
அவசரப்பட்டால் வால் முளைத்துத்
தலைப்பிரட்டை ஆகிவிடும்.
வாசலில் வைக்கிற புள்ளிக்கு
சுற்றிவர ஒரு கோடு வேண்டும்.
இவை எதற்கும் காத்திருக்கவில்லை.
நாலு கோப்பை நேற்றே சுட்டாயிற்று.
ஐந்தாவதில் பாதி வந்திருந்தேன்,
பெல் அடித்தது.

சோலையப்பன்.
நகரச் சிவன் கோயில் ரசீதுப் புத்தகம்,
அக்குளில் குடை.
"புள்ளி வரி, ஆச்சி."

சிரித்துவிட்டேன்.
விரலெல்லாம் நீலமும் அரக்குமாக நின்றுகொண்டு
சிரித்தது அவருக்கு விளங்கவில்லை.

எங்கள் ஊர்க் கணக்கில்
கல்யாணம் ஆன இரண்டு பேர் சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மிச்சம் அரை.
போன வருஷம் அவர் வரவே இல்லை,
துக்கவீட்டில் கேட்கக் கூடாதென்று.
இந்த வருஷம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
ரசீதையே பார்த்தார் கொஞ்சநேரம்.
"எழுதுங்க" என்றேன்.
எழுதினார்.

ஏழாம் வகுப்பில் படித்திருக்கிறேன்.
அரைப்புள்ளி வந்தால் வாக்கியம் முடியவில்லை;
மூச்சு வாங்கிக்கொண்டு
இன்னும் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
டீ போடப் போனேன்.

சுட்ட கோப்பையில் கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எத்தனை வச்சிருக்கீக?"
"எண்ணலை."
கணக்குக்காரருக்கு அது பொறுக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியை ஏற்றி, உதடு அசைய,
டீ ஆறுவதும் தெரியாமல் எண்ணினார்.
"நூத்திப் பதினெட்டு."
"பிடிக்கிட்டே ஒண்ணு பாதி அழிஞ்சிருக்குமே?"
"அதையுஞ் சேத்துத்தான்" என்றார்.
சொன்னபிறகு கோப்பையைக் கீழே வைத்து
குடையைத் தேடினார், அக்குளிலேயே இருந்தது.

எழுந்தபோது ரசீதுப் புத்தகம் கூட வரவில்லை.
ஈர டீப்பாயில் ஒட்டிக்கொண்டது.
இழுத்தோம். பர்ரென்று வந்தது,
பின் அட்டை முழுக்க மயில்நீலத்தோடு.
"காஞ்சிரும்" என்றேன்.
"காஞ்சிரும்" என்றார்.

காயவில்லை போலிருக்கிறது.
சாயங்காலம் மூன்றாம் வீட்டு மீனாள் போனில் கேட்டாள்,
ரசீது ஓரமெல்லாம் நீலமா இருக்கே,
கோயிலுக்குப் புது முத்திரையா என்று.
அவள் மாமியார் வீட்டிலும் அப்படித்தானாம்,
எதிர்த்த வளவிலும்.

டீப்பாய் நடுவில் இப்போது
புத்தகம் அளவுக்கு ஒரு சதுரம் பச்சை.
இரண்டாம் கோட் அடித்தால் மறையும்.
நாளைக்குப் பார்க்கலாம்.
முதலில்
சாஸர் இல்லாத அந்த ஆறாவது கோப்பை;